தாள் அடைத்துக்கொண்டால் தாளை மாற்றாதீர்கள்

பைபர்கிளாஸ் படகில் உடைந்த பகுதியை வெட்டி எடுத்து, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி நாரின் மேட் எனப்படும் நெய்யாத விரிப்பும் நெய்த துணியும் அடுக்கி ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகவே பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நேரமும் கூலியும் அதிகம் கேட்கும் கட்டம் தொடங்குகிறது. ஒட்டுப் போட்ட இடம் எது, படகின் பழைய உடல் எது என்று கையால் தடவினாலும் தெரியாதபடி தேய்த்து முடிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் உப்புத்தாள் நாலைந்து இழுப்பிலேயே அடைத்துக்கொள்ளும்போது, புதுத் தாளுக்கு மாறுவது, இன்னும் முரடான தாளை எடுப்பது, மெஷினை அழுத்திப் பிடிப்பது என்று ஆட்கள் தேய்ப்போடு மல்லுக்கட்டுகிறார்கள். நெடுநாளாக இந்த வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: தேய்க்கும்போது தெரியவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே, ரெசினைக் கலக்கும்போதோ அது இறுகும்போதோ உண்டானவை. ஆகவே தாளை மாற்றுவதற்கு முன் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முழுமையாக இறுகிய ரெசினை 80ஆம் எண் தாளால் தேய்த்தால் உலர்ந்த தூள் வரும். தாளை ஒரு தட்டுத் தட்டினால் தூள் உதிர்ந்து, பரல்கள் மறுபடியும் கூர்மையாக வெளியே தெரியும். இறுகாத ரெசினில் தூளே வராது. பரல்களுக்கு இடையே வழவழப்பான ஒரு படலம் படிந்து, அது திரண்டு, கடுகளவு பளபளப்பான கட்டிகளாகத் தாளில் ஒட்டிக்கொள்ளும். கட்டிகள் பரல்களைவிட உயரமாக நிற்பதால், அதன் பிறகு பரப்பைத் தொடுவது கட்டிகள்தாம். சுழலும் மெஷினின் கீழ் பன்றிவால் போலச் சுருண்டு சுருண்டு விழும் ஆழமான கீறல்கள் அவற்றின் வேலை. அந்தக் கட்டியை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நொறுங்கினால் ஒருவிதம், நசுங்கினால் வேறுவிதம். நசுங்கும் கட்டி, ரெசின் இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை என்று சொல்கிறது.

இங்கே ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி வகை ரெசின்களில் பல, ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் உராய்வுச் சூடு அந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். அப்போது நன்றாக இறுகிய பரப்புகூடத் தாளை அடைக்கும். எனவே சந்தேகம் வந்த இடத்தில் மெஷினை வைத்துவிட்டு, ஒரு புதுத் தாளைக் கட்டையில் சுற்றிக் கையால் மெதுவாகத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கையில் தூள் வந்து, மெஷினில் மட்டும் அடைத்தால் வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்தால் போதும். கையிலும் அடைத்தால் குறை ரெசினில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, இதைச் செய்யாமல் வீணாகும் தாள்களுக்கோ கணக்கில்லை.

குறை ரெசினில்தான் என்று தெரிந்த பிறகு, அது மேற்பரப்போடு நிற்கிறதா, ஆழத்திலும் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். மேற்பரப்பில் மட்டும் வரும் தொல்லைகள் மூன்று வகை. மூன்றும் தொடுவதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மருந்து மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

பாலியஸ்டர் ரெசின் இறுகுவது தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) எனப்படும், எளிதில் வினைபுரியும் துகள்களின் சங்கிலி வினையால். ரெசினைத் தளர்த்துவதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கும் ஸ்டைரீன் அந்தச் சங்கிலியில் கோத்துக்கொண்டு வலைப்பின்னலாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தத் தனி உறுப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், காற்றுப் படும் மேல்படலத்தில் மட்டும் சங்கிலி அறுந்து, அங்கே பிசுபிசுப்பு நின்றுவிடும். அடுக்கு வேலைக்கென்று விற்கப்படும் லேமினேட்டிங் ரெசினில் இது குறையே அல்ல. அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிப்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கடைசி அடுக்கிலும் அதே ரெசினைப் போட்டுவிட்டு மறுநாள் தேய்க்கப் போனால்தான் சிக்கல். அடியில் கல்லாக இறுகியிருக்கும், மேலே விரல்ரேகை பதியும். கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலந்த ஃபினிஷிங் ரெசினைப் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் பூச்சு ஜெல் நிலைக்கு (கூழாக உறையும் நிலைக்கு) வந்த பிறகு பாலிவினைல் ஆல்கஹால் கரைசலைத் தெளித்துக் காற்றை மறைக்க வேண்டும். அந்தப் படலம் தண்ணீரிலேயே கழுவினால் போய்விடும் என்பதால், ஏற்கெனவே பிசுபிசுப்பாக நின்றுவிட்ட பரப்பைக் காப்பாற்றவும் அது உதவும். பரப்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக ஆறவிட்டு, மெழுகு ரெசினை மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசுவதும் சரியான வழியே.

மெழுகு கலந்த ரெசினில் தொல்லை இடம் மாறுகிறது. ரெசின் இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கிறது. வேலை முடிந்ததும் அது அங்கேயேதான் கிடக்கும். அதைத் துடைக்காமல் தேய்த்தால் உராய்வில் உருகித் தாளை அடைப்பதோடு, தாள் போட்ட ஒவ்வொரு கீறலுக்குள்ளும் மெழுகு தேய்ந்து இறங்கும். அடுத்த பூச்சு பிடிக்காமல் செதிலாகக் கழன்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் கரைப்பானால் துடைத்தல், பிறகு தேய்த்தல் என்ற வரிசையை மாற்றவே கூடாது. துடைக்கும் முறையும் கவனிக்க வேண்டியது. ஒரு துணியால் நனைத்து, அது ஆவியாவதற்கு முன் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் முழுப் பரப்பையும் துடைத்தால் மெழுகு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குடிபோகும், அவ்வளவுதான்.

மூன்றாவது தொல்லை எபாக்சிக்கு உரியது. எபாக்சியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள அமீன்கள் என்ற வேதிப்பொருட்கள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து, இறுகிய பரப்பின் மேல் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்த நாட்களில் அது அதிகம். அமீன் பிளஷ் எனப்படும் இந்தப் படலம் தண்ணீரில் கரையும். எனவே வெறும் தண்ணீரும் சொரசொரப்பான பஞ்சும் போதும். கழுவி, உலர்வதற்குள் சுத்தமான துணியால் துடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இதற்கு அசிட்டோனைத் தேடிப் போகிறவர்கள் படலத்தைக் கரைக்காமல் பரப்பிவிடுகிறார்கள். கடைசி அடுக்கின் மேல் பீல் பிளை என்ற நைலான் துணியை வைத்து, இறுகிய பின் உரித்து எடுப்பது என் கண்ணில் இன்னும் சிறந்த பழக்கம். படலம் துணியோடு போய்விடும், பரப்பும் சொரசொரப்பாகக் கிடைக்கும், தேய்க்க வேண்டிய அளவும் பெரிதும் குறையும்.

இனி ஆழத்தில் இறுகாத ரெசின். இதுதான் உண்மையான நோய். நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்து நிற்பது, நாட்கள் கழிந்தும் ஸ்டைரீன் வாசனை விடாமல் வருவது, அசிட்டோன் துணியால் சிறிது நேரம் தேய்த்து ஆறவிட்ட பிறகும் பரப்பு ஒட்டுவது எல்லாம் அதன் அறிகுறிகள். பெரிய பட்டறைகளில் பார்கால் கடினமானி வைத்திருப்பார்கள். நன்றாக இறுகிய பாலியஸ்டர் அடுக்கு பொதுவாக 35க்கு மேல் காட்டும், ரெசின் தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் 90 விழுக்காட்டைத் தொட்டால் ஏற்றுக்கொள்வார்கள். கருவி இல்லாதவருக்கு நகமும் மூக்கும் அசிட்டோனும் போதும்.

காரணங்களில் முதலிடம் அளவுக்கு. பாலியஸ்டருக்குக் கேட்டலிஸ்டாக, அதாவது இறுகும் வினையைத் தூண்டுவதற்காகப் போடும் எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) பொதுவாக எடைக்கு 1 முதல் 2 விழுக்காடு. 100 கிராம் ரெசினுக்கு 1 அல்லது 2 கிராம் என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதை எண்ணிப் பாருங்கள். சொட்டுக் கணக்கில் ஊற்றினால் பாட்டிலின் மூக்கைப் பொறுத்துச் சொட்டின் பருமன் மாறும். சிறு கிண்ணத்தில் கலக்கும்போது அரை கிராம் குறைந்தால்கூட விகிதம் கால் பங்கோ பாதியோ சரிந்துவிடுகிறது. ஒரு சிறிய மின்னணுத் தராசும் ஊசியில்லாத சிரிஞ்சும் இந்தத் தொழிலில் கிரைண்டரைவிட அவசியமானவை என்று நான் கருதுகிறேன். குளிருக்குப் பயந்து அளவுக்கு மேல் ஊற்றுவதும் உதவாது. மிச்சமான கேட்டலிஸ்ட் வினையில் சேராமல் உள்ளேயே தங்கி ரெசினைப் பலவீனமாக்கும். எபாக்சியில் இப்படிக் கூட்டிக் குறைக்கக் கொஞ்சமும் இடமில்லை. அங்கே ஹார்டனர் வினையைத் தூண்டும் பொருள் அல்ல, வினையில் பாதிப் பங்காளி. கூடினாலும் குறைந்தாலும் ஜோடி சேராத மூலக்கூறுகள் மிஞ்சி, பரப்பு என்றைக்கும் ரப்பராகவே இருக்கும். டப்பாவில் பருமன் விகிதமும் எடை விகிதமும் தனித்தனியாக அச்சிட்டிருப்பதைக் கவனிக்காமல், பருமனுக்குச் சொன்ன எண்ணை எடைக்குப் பயன்படுத்துவதால் கெட்டுப்போகும் வேலைகள் ஏராளம்.

அளவு சரியாக இருந்தும் திட்டுத் திட்டாக இளகி நின்றால், கலக்கியது போதவில்லை என்று பொருள். கிண்ணத்தின் பக்கச்சுவரிலும் அடிமூலையிலும் ஒட்டியிருக்கும் ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் போய்ச் சேர்ந்திருக்காது. கடைசியில் கிண்ணத்தைச் சுரண்டி எடுத்துப் பூசும்போது அந்த ரெசின்தான் படகில் ஏறுகிறது. கலக்கியதை இன்னொரு சுத்தமான கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்கினால் இந்தத் திட்டுகள் வராது.

மூன்றாவதாக வெப்பம். கிண்ணத்தில் மிஞ்சிய ரெசின் கல்லாக இறுகிவிட்டதே, படகில் மட்டும் ஏன் இளகிக் கிடக்கிறது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். இறுகும் வினை தானே சூட்டை உண்டாக்கும். கிண்ணத்தில் குவிந்து கிடக்கும் ரெசின் அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்கிறது. மெல்லிய பூச்சோ, உண்டாகும் சூட்டை உடனுக்குடன் குளிர்ந்த உடலுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகையால் கிண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காற்றின் வெப்பத்தை மட்டும் பார்ப்பதும் போதாது, ஒட்டுப் போடும் பரப்பின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். நிழலில் நின்ற தடித்த உடல், காலையில் காற்றைவிட நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும்; அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் படிந்திருக்கும். பரப்பு, பனிநிலை வெப்பத்தைவிடக் (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக்) குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்ற வண்ணப்பூச்சு விதி ரெசினுக்கும் பொருந்தும்.

இளகி நின்றுவிட்டதைக் காப்பாற்ற முடியுமா? விகிதம் சரியாக இருந்து குளிரால் மட்டும் பின்தங்கிய ரெசினைச் சூடேற்றிக் காப்பாற்றலாம். கூடாரம் போல மூடி, அகச்சிவப்பு விளக்கு வைத்து, மெதுவாக 40 முதல் 50 டிகிரிக்கு ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் இறுகிவிடும். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். உள்ளே நுரை அடைத்த படகுடலானால் இன்னும் குறைந்த சூடே போதும், இல்லையென்றால் நுரையிலிருந்து வாயு கிளம்பிப் பூச்சு கொப்பளிக்கும். தீச்சுவாலை உள்ள எந்தக் கருவியையும் ஸ்டைரீன் ஆவி இருக்கும் இடத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது. இறுகாத பரப்பின் மேல் வெறும் கேட்டலிஸ்டைத் தடவுவதும், அளவுக்கு மேல் கேட்டலிஸ்ட் கலந்த பூச்சை மேலே போடுவதும் சிலர் சொல்லும் வைத்தியங்கள். மேலே ஓடு மட்டும் இறுகும்; அடியில் சேறு அப்படியே இருக்கும். இதைவிடக் கொடியது, வேகம் வேண்டும் என்று வினையை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்ப்பது. அது தீப்பிடிக்கவோ வெடிக்கவோ செய்யும். இரண்டையும் தனித்தனியாக ரெசினில்தான் கலக்க வேண்டும், கோபால்ட் முன்னதாக, நன்றாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும் என்பதால் கண்ணாடி இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

விகிதமே தவறிய ரெசினுக்குச் சூடும் உதவாது. அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை. அந்த முடிவை எடுக்க மனம் வராமல் நாட்களைக் கடத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும், ஏனென்றால் இளகிய நிலையில் இருக்கும்போது கூர்மையான உளியாலும் சுரண்டியாலும் அரை நாளில் எடுக்கக்கூடியது, மேலே இரண்டு பூச்சு ஏறிய பிறகு கிரைண்டருக்கே இரண்டு நாள் வேலையாகிவிடும். பாதி இறுகிய எபாக்சியைக் கிரைண்டரால் தூளாக்குவது நம் உடம்புக்கும் கேடு. வினை முடியாத அமீன்கள் அந்தத் தூளில் இருப்பதால் தோலில் நிரந்தர ஒவ்வாமை வந்துவிடலாம். வந்த பிறகு எபாக்சியைத் தொடவே முடியாதவர்கள் உண்டு. சுரண்டி எடுத்த இடத்தைக் கரைப்பானால் துடைத்து, பிறகே முரட்டுத் தாள் போட வேண்டும். தூளுக்கும் ஆவிக்கும் சேர்த்து வடிகட்டும் முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை எல்லா நிலையிலும் தேவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரெசின் நன்றாகவே இறுகியிருந்தும் பரப்பு சமப்படாமல் போவது வேறு கதை. ஒட்டுப் போட்ட இடத்தில் அருகருகே மூன்று பொருட்கள் இருக்கின்றன: கெட்டியான பழைய ஜெல்கோட் (படகின் வெளிப்பக்க நிற ரெசின் பூச்சு), நார் நிறைந்த அடுக்கு, மிருதுவான பட்டி (பள்ளம் நிரப்பும் கலவை). மெத்தென்ற பஞ்சுத்தட்டு வைத்த மெஷினால் தேய்த்தால் பட்டி வேகமாகக் கரையும், ஜெல்கோட் நின்று தாக்குப்பிடிக்கும். விளைவாக ஒட்டின் ஓரம் முழுதும் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் விழும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பான பூச்சு ஏறியதும் வெளிச்சம் அங்கே உடையும். வளைந்து கொடுக்காத நீளக்கட்டையில் 80ஆம் எண் தாளை ஒட்டி, குறுக்கும் மறுக்குமாக, இரண்டு பக்கமும் பழைய பரப்பின் மேல் கட்டை தங்கும்படி கையால் தேய்ப்பதற்கு ஈடான மெஷின் வேலையை நான் பார்த்ததில்லை. மேலே கறுப்புத் தூளையோ மெல்லிய வண்ணத்தையோ தூவிக்கொண்டு தேய்த்தால் பள்ளம் எங்கே என்று நிறமே காட்டிக்கொடுக்கும். பள்ளத்தை நிரப்ப வேண்டும். மேட்டைக் குறைத்துப் பள்ளத்தோடு சமப்படுத்தப் போனால் புதிதாகக் கட்டிய நார்களே அறுபடும், அப்புறம் ஒட்டின் பலம் எங்கே இருக்கும்?

பட்டியிலும் இறுகல் கோளாறு உண்டு. பாலியஸ்டர் பட்டியை இறுகவைக்கக் கலக்கும் நிறமேற்றிய பசை பென்சாயில் பெராக்சைடு, எம்.இ.கே.பி.யை அதற்குப் பதிலாகப் பயன்படுத்த முடியாது. பசையைக் கூடுதலாகச் சேர்த்தால் பட்டி இறுகிவிடும், ஆனால் மிஞ்சிய பசை பின்னால் வெள்ளைப் பூச்சின் வழியே கசிந்து மேலே திட்டாகத் தெரியும். டால்க் கலந்த சாதாரண வாகனப் பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால், அதன் மேல் வாட்டர் பேப்பரால் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும், நீர்மட்டத்துக்குக் கீழே அதைப் பயன்படுத்துவதும் தவிர்க்க வேண்டியவை.

எபாக்சியால் கட்டிய ஒட்டின் மேல் நேரடியாக ஜெல்கோட் பூசுவது அதிகம் ஏமாற்றும் இடம். எபாக்சியில் மிஞ்சியிருக்கும் அமீன்கள் பாலியஸ்டரின் இறுகலைத் தடுக்கும். ஜெல்கோட் மேலே காய்ந்தது போல இருந்து, தேய்க்கத் தொடங்கியதும் அடியிலிருந்து பாலாடை போல உரிந்து வரும். ஜெல்கோட்தான் வேண்டுமென்றால் ஒட்டையே பாலியஸ்டர் அல்லது வினைல் எஸ்டரால் கட்டுவது நல்லது. எபாக்சியால்தான் கட்ட வேண்டும் என்றால், மேலே எபாக்சி பிரைமரும் பாலியூரித்தேன் வண்ணமும் போடுவது நிம்மதியான வழி. ஜெல்கோட்டின் கனமும் முக்கியம். 0.5 மி.மீ. அளவில் பூசிய ஜெல்கோட் தன் சூட்டில் இறுகிவிடும். வண்ணம் போல மெல்லியதாக இழுத்துப் பூசினால், இறுகுவதற்குள் ஸ்டைரீன் பறந்துபோய் என்றும் இளகியே நிற்கும். அரைகுறையாக இறுகிய ஜெல்கோட்டின் மேல் இன்னொரு பூச்சுப் போட்டால், புதுப் பூச்சின் ஸ்டைரீன் கீழே இறங்கி அதை ஊதவைத்து முதலைத்தோல் போலச் சுருக்கிவிடும்.

எல்லாம் சரியாக நடந்தாலும் அவசரம் மட்டும் கூடாது. பாலியஸ்டர் இறுகும்போது பருமனில் ஏறத்தாழ 7 விழுக்காடு வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தின் வால்பகுதி, தொட்டால் கெட்டியாகத் தெரியும் நாளுக்குப் பிறகும் தொடர்கிறது. மறுநாளே 220ஆம் எண் தாளில் தேய்த்துப் பூசி, 600, 800, 1000 என்று வாட்டர் பேப்பரில் ஏறிப் பாலிஷ் போட்டு முடித்த பரப்பில், சில வாரங்கள் கழித்து ஒட்டின் எல்லைக்கோடும் துணியின் நெசவும் மேலே தெரியவருவது அதனால்தான். கரும்நீலம், கறுப்பு போன்ற அடர்நிறங்கள் வெயிலில் அதிகம் சூடேறி மிச்ச இறுகலைத் தாமே முடித்துக்கொள்வதால், அவற்றில் இந்தத் தடம் இன்னும் விரைவாகவும் அழுத்தமாகவும் எழும். அடுக்கு கட்டி முடித்ததும் சூடு கொடுத்து இறுகலை நிறைவேற்றிவிடுவது, அல்லது ஒரு வாரமாவது வெயில் படும் இடத்தில் விட்டுவைப்பது, அதன் பிறகே கடைசிச் சமப்படுத்தலைத் தொடங்குவது என்பதே நான் கடைப்பிடிக்கும் வரிசை. இடைப்பட்ட நாட்களில் 80ஆம் எண் தாளை எடுத்து ஓரமாக ஒரு விரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்க்கலாம். தாளில் கட்டி ஏறாமல், தட்டினால் தூள் முழுதும் உதிரும் நாளில் நீளக்கட்டையைக் கையில் எடுக்கலாம்.